பையை மடியில் வாங்கியவர்

தல்லாகுளத்துக் கம்ப்யூட்டர் கடையில் அவர் விற்பனையாளர். கனத்த உடம்பு, சட்டைப் பையில் சீப்பு. அப்பாவின் காரியம் முடிந்த வாரம் போயிருந்தேன். கேம் ஆடவும் யுனிவர்சிட்டிக்குத் தூக்கிப் போகவும் தோதான லேப்டாப் வாங்கித் தருவதாக அப்பா சொல்லியிருந்தார். அதனால் போனேன், ஆசை என்று எதுவும் இல்லை.

திருநகரிலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டுதான் போக வேண்டும் என்றேன். அவர் ஒரு லேப்டாப்பைப் பையில் போட்டு என்னிடம் கொடுத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"நான் பஸ்ல உக்காந்திருக்கேன். நீங்க நிக்கிறீங்க. பையக் குடுங்க தம்பி."

கொடுத்தேன்.

"நீங்க சுமக்கிறது கெடக்கட்டும். மடியில வாங்குறவுக மொகஞ்சுளிக்கக் கூடாதுல்ல?"

எல்லோருக்கும் இப்படித்தான் எடை பார்ப்பாராம். முதல் பையை உடனே திருப்பிவிட்டார். "இம்புட்டுக் கனத்த யாரும் வாங்க மாட்டாக."

இரண்டாவதை மடியில் வைத்துக் கண்களை மூடியவர், திறக்கவே இல்லை. வெகுநேரம் நின்றேன். வீட்டில் பல நாட்களாகத் தலையாட்டல் மட்டுமே என் பேச்சு.

"அண்ணே, ஸ்டாப் வந்துருச்சு" என்றேன்.

கண் திறந்து பையை நீட்டினார். "பாத்து எறங்குங்க தம்பி."

அதையே வாங்கினேன். படிப்பு முடியும்வரை அது யார் யார் மடியிலோ போய்வந்தது. கேம் எதுவும் போடவில்லை. அதை வைத்து நான் ஆடிய ஒரே விளையாட்டு அன்று அவரோடு ஆடியதுதான்.