பதினோரு வாஷர்

அந்தப் பட்டறைக்காரருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்தது. யாருக்கும் அது நினைவில்லை. ஊருக்கு அவர் கடுகு. ஆள் குள்ளம், கொஞ்சம் சூடு பட்டால் போதும், பொரிந்து தள்ளிவிடுவார். பழைய டூ-ஸ்ட்ரோக் மோட்டார் சைக்கிள் என்றால் சுற்றுவட்டாரத்தில் அவரை விட்டால் ஆள் கிடையாது. அதனால் திட்டு வாங்கிக்கொண்டே எல்லாரும் அவரிடம்தான் வந்தார்கள். கறக்கிற மாடு உதைத்தால் பொறுத்துக்கொள்வதில்லையா, அந்தக் கதைதான்.

அவர் வேலையில் குறை என்று எவனாவது வாயைத் திறந்தானோ, போச்சு! ஒருமுறை பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர், "பிரேக் கொஞ்சம் லூசா இருக்கிற மாதிரி இருக்கே" என்று இழுத்தார். கடுகு ஸ்பேனரோடு எழுந்தார். அன்று மாட்டிய சாமான் அத்தனையையும் கழற்றி, சாக்கில் போட்டுக் கட்டி, வாத்தியார் காலடியில் வைத்துவிட்டு அடுத்த வண்டியைப் பார்க்கப் போய்விட்டார். ஊரே இதைச் சொல்லிச் சிரித்தது. அவர் வீட்டில் மட்டும் யாரும் சிரிக்கவில்லை. சாப்பிடும்போது உப்புக் குறைந்தாலும் அதே முகத்தைப் பார்க்கிறவர்கள் அவர்கள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரே மகள், மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிற ஒருவனைக் கட்டிக்கொள்ளப் போவதாகச் சொன்னாள். "கண்ணாடி தொடைக்கிறவனுக்கா எம் பொண்ணு?" என்று கடுகு வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார். மகளும் அவர் ரத்தம்தானே, பிடித்த பிடியை விடவில்லை. கல்யாணம் பதிவு அலுவலகத்தில் நடந்தது. இவர் அன்று முழுக்கப் பட்டறையில் உட்கார்ந்து ஒரு கார்புரேட்டரை மூன்று தடவை கழுவினார். அதோடு பேச்சுவார்த்தை நின்றது.

அப்படிப்பட்டவரின் பட்டறைக்கு ஒரு சனிக்கிழமை காலையில் அந்த மாப்பிள்ளையே வந்து நின்றான், செத்துப்போன தன் அப்பாவின் பழைய வண்டியைத் தள்ளிக்கொண்டு. கூட வந்த மகள் வாசல் கேட்டைத் தாண்டவில்லை.

"மாமா, அப்பாவோட வண்டி. சைலன்சர் ஸ்பிரிங் ரெண்டும் போயிருச்சு. உங்களைத் தவிர வேற யார்கிட்டயும் குடுக்க மனசு வரல."

கடுகு அவனைப் பார்க்கவில்லை, வண்டியைப் பார்த்தார். சைலன்சர் குழாயை யாரோ கட்டுக்கம்பியால் சுற்றி வைத்திருந்தார்கள்.

"கம்பியால கட்டினவன் எவன்? அவனைத்தான் முதல்ல கட்டி வைக்கணும்."

"நான்தான் மாமா."

பட்டறையை ஒட்டிய வீட்டுக்குள் இருந்த மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கடுகு முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. ஆனாலும் கை தானாக வண்டியின் மேல் போய்விட்டது. வண்டி என்ன பாவம் செய்தது?

அந்த மாதிரி வண்டியில் இன்ஜின் வாயில் குழாய்க்குப் போல்ட் கிடையாது. குழாயைச் செருகி, இரண்டு பக்கமும் ஒவ்வொரு ஸ்பிரிங்கால் இழுத்துக் கட்டியிருப்பார்கள். ஸ்பிரிங்கோ விரல் நீளம், பிடிவாதம் அதன் உடன்பிறப்பு. குறடால் இழுத்து மாட்டப் போனால் தெறித்து வந்து முகத்தில் அடிக்கும். கடுகின் தாடையில் இருக்கிற தழும்பு அப்படி வந்ததுதான். அதற்குப் பிறகு அவர் வேறு வழி பிடித்தார். ஸ்பிரிங்கை மேஜை இடுக்கியான வைஸில் கடிக்க வைத்து ஒரு பக்கமாக வளைப்பார். சுருள்களுக்கு நடுவே இடைவெளி விடும். இடைவெளிக்கு ஒன்றாக மெல்லிசு வாஷர்களைச் செருகுவார். ஆறு செருகினால் ஸ்பிரிங் நீண்டு நிற்கும். நோகாமல் இரண்டு கொக்கியிலும் மாட்டிவிடலாம். மாட்டியபின் ஆட்டி ஆட்டி வாஷர்களை உருவிவிட்டால், ஸ்பிரிங் சுருங்கிக் குழாயைக் கவ்விக்கொள்ளும். இரண்டு ஸ்பிரிங்குக்குப் பன்னிரண்டு வாஷர். டப்பா மூடியில் எண்ணி எடுத்து, எண்ணித் திரும்பப் போடுவார். முப்பது வருஷமாக ஒருநாளும் அது தவறியதில்லை.

அன்று கடைசி வாஷர்களை உருவிக்கொண்டிருந்தபோது மாப்பிள்ளை மெதுவாகச் சொன்னான்: "எதாவது ரிப்பேர்னா அவ உங்க பேச்சைத்தான் எடுப்பா மாமா. 'எங்கப்பா கை பட்டா அந்த வண்டி மறுபடி நிக்காது'ன்னு."

கடுகுக்கு அது இனித்தது. அதைக் காட்டிக்கொள்ள அவர் என்ன சின்னப் பிள்ளையா? "முடிஞ்சுது. எடுத்துட்டுப் போகச் சொல்லு" என்று மனைவி இருந்த திசையில் கத்திவிட்டுக் கைகழுவப் போனார். மாப்பிள்ளை குனிந்து குழாயை ஒருமுறை பார்த்தான், ஏதோ கேட்க வந்தவன் போல நின்றான், பிறகு வண்டியைக் கிளப்பினான். மகள் பின்னால் ஏறிக்கொண்டாள். அப்பா பக்கம் திரும்பிப் பார்த்தாள். அவர் துண்டில் முகத்தை வைத்திருந்தார்.

திரும்பி வந்து மூடியைப் பார்த்தவர், எண்ணினார். பதினொன்று. தரையில் தேடினார், வைஸுக்கு அடியில் தேடினார், சட்டைப் பையை உதறினார். பதினொன்றேதான்.

ஒரு வாஷர் உள்ளே மாட்டியிருந்தால் ஸ்பிரிங் கவ்வாது. அதிர அதிரக் கொக்கியை விட்டுக் கழன்றுவிடும். குழாய் முன்பக்கம் தொங்கி ரோட்டில் குத்தினால் வண்டி ஆளைத் தூக்கி எறிந்துவிடும். பின்னால் உட்கார்ந்திருப்பது மகள். ஏதாவது ஆனால், பிடிக்காத மாப்பிள்ளையின் வண்டியில் கடுகு வேண்டுமென்றே செய்தான் என்று ஊர் பேசாதா? ஊர் கிடக்கட்டும், மகள் அப்படி நினைத்துவிட்டால்?

"அவன் நம்பர் குடுடீ!"

"எவன் நம்பர்?"

"மாப்ள நம்பர்!"

இரண்டு வருஷமாகத் திருட்டுத்தனமாகப் பேசிக்கொண்டிருந்த மனைவி, இன்றைக்குத் தொலைந்தோம் என்று நினைத்தபடி போனை நீட்டினாள். ஐந்து முறை அடித்தார். எடுக்கவில்லை. மகள் நம்பரும் அப்படியே. பட்டறையைத் திறந்தது திறந்தபடி போட்டுவிட்டு ஸ்கூட்டரை எடுத்துப் பறந்தார். வழியெல்லாம், "ஒண்ணும் ஆகியிருக்கக் கூடாது, ஒண்ணும் ஆகியிருக்கக் கூடாது" என்று முனகிக்கொண்டே போனார். எந்த வளைவிலும் கூட்டம் கூடியிருக்கக் கூடாதே என்று கண் தேடியது.

பாலத்தைத் தாண்டி ஒரு பூட்டிய கடையின் நிழலில் வண்டி நின்றிருந்தது. முழுசாக நின்றிருந்தது. மகள் தண்ணீர் பாட்டிலைச் சாய்த்துப் பிடித்திருந்தாள்; மாப்பிள்ளை அதன் கீழே வலது கையை நீட்டிக்கொண்டிருந்தான். உள்ளங்கை முழுக்கக் கொப்புளம். சிவந்து தோல் வழன்றிருந்தது.

"என்னாச்சு?"

மாப்பிள்ளை கையைப் பின்னால் மறைத்துக்கொண்டான். "ஒண்ணுமில்ல மாமா. லேசா சுட்டுருச்சு."

மகள்தான் சொன்னாள். "ஸ்பிரிங்குக்குள்ள வாஷர் இருந்ததை இவரு பட்டறையிலயே பாத்துட்டாரு. பொடிப்பொடி ஸ்குரூவோட மாரடிக்கிறவராச்சே, கண்ணுல படாம இருக்குமா? கொஞ்ச தூரம் மெதுவா வந்து எடுத்துக்கலாம்னு வந்திருக்காரு. இங்க நிறுத்தினப்பதான் எங்கிட்டயே சொன்னாரு. குழாய் ஆறட்டும்னு உட்காந்திருந்தோம். அதுக்குள்ள போன் மேல போன். அம்மா நம்பரா இருந்தாலும் பேசப்போறது நீங்கன்னு தெரிஞ்சுபோச்சு. நீங்க வந்து பாத்துடக்கூடாதேன்னு, சூட்டோட சூடா கையை விட்டுட்டாரு."

"பட்டறையிலயே பாத்துட்டு ஏன்யா சொல்லல? வாய்க்கு என்ன பூட்டா போட்டிருக்கு? பின்னாடி உக்காந்திருந்தது எம் பொண்ணுய்யா!"

மாப்பிள்ளை ஒரு அடி பின்வாங்கினான். "பயமா இருந்துச்சு மாமா. முதல் தடவையா வந்திருக்கேன். வந்த அன்னிக்கே உங்க வேலையில குறை சொன்ன மாதிரி ஆயிடுமேன்னு... உங்க மேல தப்பே இல்ல மாமா. நான்தான் அவசரப்பட்டுட்டேன்."

கடுகு அந்தக் கையைப் பார்த்தார். நாளெல்லாம் லென்ஸ் பிடிக்கிற கை. இன்னும் எத்தனை நாளைக்கு எதையும் பிடிக்க முடியாதோ! அவருக்கு நெஞ்சு வெடித்துவிடும் போல இருந்தது. அழுகையா, கோபமா என்று அவருக்கே தெரியவில்லை. வாழ்நாளில் இதுவரை சொல்லாத வார்த்தையை எப்படிச் சொல்வது என்றும் தெரியவில்லை.

"உன் தப்பு என்னய்யா இதுல? என் தப்புய்யா! என் தப்பு!"

ரோட்டில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "சரிங்க மாமா, சரிங்க மாமா" என்று சொல்லிக்கொண்டே மாப்பிள்ளை பூட்டிய கதவோடு ஒட்டிக்கொண்டான். மகள் நடுவில் வந்து நின்றாள். அவள் கண்ணில் தண்ணீர் முட்டி நின்றது.

"ஏம்ப்பா, அதையும் கத்தித்தான் சொல்லணுமா?"