முப்பத்தேழாம் அட்டையில் விழுந்த புள்ளி

விருத்தாசலம் செராமிக் பட்டறை ஒன்றில் அமலராணி பதினான்கு ஆண்டுகள் தரம் பிரிக்கும் வேலை பார்த்தார். சூளையிலிருந்து இறங்கும் பீங்கான் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டிப் பார்க்க வேண்டும். ஓசையில் சந்தேகம் வந்தால் ஓரத்தில் சிவப்புப் பென்சிலால் ஒரு புள்ளி வைத்து ஒதுக்கிவிட வேண்டும். ஒதுக்கியதை மேஸ்திரி மறுபடி பார்ப்பார். புள்ளி விழுந்ததில் பாதிக்கு மேல் குப்பைக்குத்தான் போகும்.

அவர் கணவர் ஜெயராஜ் லாரி ஓட்டுநர். 2011 ஆகஸ்டில் இறந்தார். அந்த நவம்பரில் அமலராணி பரிசோதனை செய்துகொண்டபோது அவருக்கும் எச்.ஐ.வி. இருப்பது தெரிந்தது. அன்று தொடங்கிய மாத்திரையை ஒரு நாளும் விட்டதில்லை. 2019இல் பட்டறையை விட்டுவிட்டு ஒரு தொண்டு நிறுவனத்தில் களப்பணியாளராகச் சேர்ந்தார். நல்லூர் பக்கம் ஒன்பது ஊர்கள் அவர் பொறுப்பு. மக்களைப் பரிசோதனைக்கு வரவைப்பதும், மருந்து சாப்பிடுகிறவர்கள் அதை விடாமல் பார்த்துக்கொள்வதும் வேலை. எந்த ஊரிலும் ஒரு வீட்டுக்கு மட்டும் அவர் போக மாட்டார். பார்க்க வேண்டியது ஒருவரை என்றாலும் தெருவின் முதல் வீட்டிலிருந்து வரிசையாக ஏறி இறங்குவார்.

2023 ஜூன் 11, ஞாயிற்றுக்கிழமை. அந்த ஒன்பதில் ஓர் ஊருக்குப் பரிசோதனை வண்டி வந்தது. ஊர்ப் பெயர் இங்கே வேண்டாம். பெண்கள் பலர் செராமிக் பட்டறைகளுக்கு வேலைக்குப் போகிற ஊர் அது. எச்.ஐ.வி. என்றால் யாரும் வரமாட்டார்கள் என்று சர்க்கரை, ரத்த அழுத்தம், ரத்தச்சோகை எல்லாம் சேர்த்தே பார்த்தார்கள். ஐம்பத்திரண்டு பெண்கள் வந்தார்கள். ஆளுக்கொரு அட்டை. பெயர் கிடையாது, எண் மட்டும். மற்ற முடிவுகளை அட்டையில் எழுதினார்கள். எச்.ஐ.வி. முடிவை மட்டும் எழுதாமல் வண்டிக்குள் தனியாகச் சொன்னார்கள்.

முப்பத்தேழாம் எண்ணுக்கு முதல் சோதனையில் சந்தேகம் வந்தது. ஆஸ்பத்திரியில் உறுதிசெய்ய வேண்டும். மறந்துவிடக் கூடாதே என்று அமலராணியின் கை அந்த அட்டையின் ஓரத்தில் ஒரு சிவப்புப் புள்ளி வைத்தது. வைத்தது அவருக்கே உறைக்கவில்லை. அட்டை உரியவளின் கைக்குப் போய்விட்டது.

அவளைச் சண்முகப்ரியா என்று வைத்துக்கொள்வோம். வயது இருபத்து நான்கு. திருப்பூரிலிருந்து கணவன் பாண்டியனோடு ஊர் திரும்பி ஒரு மாதம். மூன்று மாதக் கர்ப்பம். நோய் உறுதியானால் உடனே மாத்திரை தொடங்க வேண்டும். தொடங்கினால் குழந்தையைப் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். திங்கட்கிழமையே ஆஸ்பத்திரிக்கு வருவதாகச் சொன்னவள் வரவில்லை. போனும் எடுக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை மாலை அமலராணி பதினோரு வீடுகள் ஏறி இறங்கிப் பன்னிரண்டாவதாக அவள் வீட்டுக்குப் போனார். அவள் அட்டையை நீட்டினாள்.

"இது என்னக்கா?"

ஓரத்தில் இருந்த சிவப்புப் புள்ளியை அமலராணி அப்போதுதான் பார்த்தார்.

"எல்லாரும் அட்டைய மாத்தி மாத்திப் பாத்துக்கிட்டு வந்தோம். பாஞ்சாலை அக்கா பாத்துட்டு, 'இதென்னடி, ஒனக்கு மட்டும் ரிஜெக்ட்டு புள்ளி'ன்னாங்க. பட்டறைல வேல செய்யிறவங்களுக்கு இது தெரியாதா? இப்ப நான் பஸ்ஸு ஏறுனா போதும், ஊருக்கே தெரிஞ்சிடும். நான் வரல."

"தப்பு என்னுதும்மா. பழக்கம், கை வச்சிடுச்சு. நானும் அதே மாத்திரதான் சாப்புடறேன், பன்னெண்டு வருசம் ஆவப்போவுது. என்னப் பாரு. எனக்கு என்ன கொறச்சலா இருக்குது?"

சண்முகப்ரியா பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். ஆனாலும், "தனியா வரமாட்டேன்க்கா" என்றாள்.

புதன்கிழமை காலை அமலராணி ஆஸ்பத்திரியில் முகாம் பதிவேட்டை விரித்தார். ஹீமோகுளோபின் பத்துக்குக் கீழே இருந்தவர்கள் இருபத்து மூன்று பேர். முப்பத்தேழாம் எண்ணுக்கு 9.4. டாக்டரம்மாவிடம் நடந்ததை மறைக்காமல் சொன்னார்.

"கையில பென்சில் குடுத்தா இப்படியா பண்ணுவீங்க?" என்று டாக்டரம்மா கடிந்துகொண்டார். பிறகு, "இருபத்து மூணு பேரையும் நாளைக்கே வரச் சொல்லுங்க. ரத்தச்சோகைக்கு எப்படியும் பாக்கவேண்டியவங்கதான்" என்றார்.

அன்று மாலை ஆறரைக்குப் பட்டறை வேன் பெண்களை இறக்கிவிடும் இடத்தில் அமலராணி பதிவேடும் பென்சிலுமாக நின்றார். முகாமுக்கு வந்த மற்ற பெண்களையும் அட்டையோடு அங்கே வரச் சொல்லியிருந்தார். ரத்தம் குறைந்தவர்களின் அட்டைகளை எண் பார்த்து வாங்கிப் புள்ளி வைத்தார்.

"என்னடி ராணி, சூளை பூரா ரிஜெக்ட்டா?" என்றார் வேனிலிருந்து இறங்கிய ராஜம்மாள். எல்லோரும் சிரித்தார்கள்.

"ரத்தம் இல்லாத ஆளுங்கதான் ரிஜெக்ட்டு. ஒனக்கு ஒம்பது பாயிண்ட் ஒண்ணு. நாளைக்கு வரணும்."

"ஒரு நாள் கூலி போவுமே."

"மயக்கம் போட்டு வுழுந்தா ஒரு வாரக் கூலி போவும்."

சண்முகப்ரியா வேலியோரம் ஒதுங்கி நின்றாள். கடைசியில் பாஞ்சாலை வந்தார். அட்டையைக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டார்.

"எனக்கு எட்டு பாயிண்ட் ஆறுன்னு எழுதியிருக்குது. எல்லாரையும் வுட கம்மி. அப்ப அன்னைக்கே எனக்கு ஏன் புள்ளி வைக்கல?"

சிரிப்பு நின்றது.

"வச்சிருக்கணும்க்கா" என்றார் அமலராணி. "ஒரு அட்டையோட வுட்டுட்டேன். தப்பு என்னுது."

பாஞ்சாலை பட்டறையில் அமலராணிக்குப் பக்கத்தில் ஆறு ஆண்டுகள் உட்கார்ந்து வேலை செய்தவர். ஒரு கணம் வேலிப் பக்கம் பார்த்தார். பிறகு அட்டையை நீட்டினார்.

"எனக்குக் கொஞ்சம் பெருசாவே வையி. கண்ணு சரியாத் தெரியல."

வியாழன் காலை 8.10 பஸ்ஸில் பத்தொன்பது பேர் ஏறினார்கள். வராத நால்வரில் சண்முகப்ரியா இல்லை. ஜன்னலோரம் அவள், பக்கத்தில் பாஞ்சாலை. விருத்தாசலம் வரும்வரை பாஞ்சாலை தன் மருமகளைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார். ஆஸ்பத்திரியில் ஒவ்வொருவரையும் ஒரே அறைக்குள் கூப்பிட்டு, ஒரே அளவு நேரம் வைத்திருந்து அனுப்பினார்கள். எல்லோர் கையிலும் ஒரே மாதிரி காக்கிக் கவர். பதினெட்டில் இரும்புச்சத்து மாத்திரை மட்டும். ஒன்றில் அதோடு மறுபடி வரவேண்டிய தேதியும் இருந்தது.

நோய் உறுதியானது. ஜூன் 20 அன்று சண்முகப்ரியா மாத்திரையைத் தொடங்கினாள். பாண்டியன் முதலில் சண்டை போட்டான், பிறகு வந்து பரிசோதித்துக்கொண்டான், அவனும் இப்போது மருந்தில் இருக்கிறான். டிசம்பர் 14ஆம் தேதி பெண் குழந்தை. பதினெட்டு மாதம் முடிந்து, 2025 ஜூனில் குழந்தைக்குக் கடைசிச் சோதனை செய்தார்கள். தொற்று இல்லை.

அமலராணி இப்போது பைக்குள் நீலப் பேனா மட்டும் வைத்திருக்கிறார். அந்தத் தெருவுக்கு மாதம் ஒருமுறை போகிறார், முதல் வீட்டிலிருந்தே தொடங்குகிறார். பாஞ்சாலை வீடு ஐந்தாவது. முப்பத்தேழாம் அட்டையைப் பற்றி பாஞ்சாலை இன்றுவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை. டீ போட்டுக் கொடுத்துவிட்டு, "இன்னும் ஏழு வூடு இருக்குது, சீக்கிரம் குடி" என்பார்.