வெள்ளைச் சட்டையும் சவர்த் தண்ணீரும்

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். பதின்மூன்று வயதில் தென்பகுதிப் பட்டினம் ஒன்றில், ஊரவர் ஒருவரின் சுருட்டுக் கடையில் தூசி தட்டினேன். இருபத்தாறு வயதில் அதே தெருவில் எனக்கென்று ஒரு கடை போட்டேன். ஐம்பத்தெட்டு இனக்கலவரத்தில் அதை எரித்தார்கள். உடுத்திருந்த சாரத்தோடு கப்பலேறி யாழ்ப்பாணத் தீவில் இருக்கும் எங்கள் ஊருக்கு வந்து, சந்தியில் ஓலைக் கொட்டில் ஒன்றில் மறுபடி தொடங்கினேன். நாலு வருடத்தில் அது கல்லால் கட்டிய கடை. ஏழு வருடத்தில் கல்வீடு. பாறையை உடைத்து ஒரு கிணறு. புகையிலை உலர்த்த இரண்டு கொட்டில். ஊர்ப் பள்ளிக்கூடத்துப் பெண்பிள்ளைகளுக்குக் கக்கூசு இருக்கவில்லை, பற்றைக்குள் போய் வந்தார்கள். அதையும் நான்தான் கட்டிக் கொடுத்தேன். பிறகு ஒரு கணக்கு வகுப்பு. கைகொடுத்தவர்களை விடச் சிரித்தவர்களே அதிகம்.

கணக்கு வகுப்பைத் தவிர மற்றதெல்லாம் ஊருக்குத் தெரியும். அந்தக் கணக்கு வகுப்பு ஏன் வந்தது என்று எழுதத்தான் இந்த வயதில் பேனை பிடித்தேன். நினைத்தால் இன்றைக்கும் காறித் துப்பவே வருகிறது.

அறுபதுகளின் பிற்பகுதி. என் மூத்த மகள் ஓ.எல். என்ற அரசாங்கச் சோதனைக்குப் படித்துக்கொண்டிருந்த வருடம். யாழ்ப்பாணப் பட்டணத்துப் பக்கமிருந்து புதிதாக ஒரு தலைமை ஆசிரியர் வந்தார். பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் அறை எடுத்துத் தங்கினார். பள்ளிக்கூடத்தில் கணக்கு ஆசிரியர் இல்லாமல் ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. வந்தவர் அதைத்தான் முதலில் பார்ப்பார் என்று நினைத்தோம். அவர் முதலில் பார்த்தது பிள்ளைகளின் சட்டையை.

'பாலைப் போல வெள்ளை' என்று அறிவித்தல் ஒட்டினார். பழுப்பு ஏறிய சட்டையோடு வந்தால் வாசல் படலையிலேயே திருப்பி அனுப்புவது சட்டம். கணக்குப் பாடம் நடக்க வேண்டிய நேரத்தில் தானே வகுப்புக்குள் வந்து நகம், ரிபன், கழுத்துப்பட்டி எல்லாம் சோதிப்பார். கணக்கு ஆசிரியரைப் பற்றி யாராவது கேட்டால், "கல்வித் திணைக்களத்துக்கு எழுதியிருக்கிறன்" என்பார்.

எங்கள் தீவின் தண்ணீரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நல்ல தண்ணீர்க் கிணறு சில இடங்களில்தான். மற்றதெல்லாம் சவர், உப்புக் கரிக்கும். அதில் சவுக்காரம் நுரைக்காது, திரைந்து கட்டி கட்டியாக ஒட்டும். புது வெள்ளைச் சீலையை நாலு முறை தோய்த்தால் பழைய கடதாசியின் நிறத்துக்கு வரும். ஆழமாகத் தோண்டினால் நல்ல தண்ணீர் வரும் என்று வெளியூரார் நினைப்பார்கள். இங்கே ஆழம் போகப் போகக் கடல்தான். மேலாக மிதக்கிற கொஞ்ச நன்னீரைக் குடிப்பதற்கும் சமைப்பதற்கும் வைத்துக்கொண்டு, உடுப்பைச் சவரில் தோய்ப்பதுதான் எங்கள் வழக்கம். நான் பாறை உடைத்துத் தோண்டிய கிணறும் சவர்தான். அதை ஒளிக்க வேண்டியதில்லை.

என் மனைவி என்ன செய்தாள் என்றால், பழுப்பை மறைக்க நீலத்தைக் கூட்டிப் போட்டாள். ஒருநாள் கை தவறி நிறையப் போட்டுவிட்டாள். சட்டை மீன்கொத்தி நிறத்தில் காய்ந்தது. மற்றச் சட்டைகள் பழுப்பேறிவிட்டன. பிள்ளை போட்டுக்கொண்டு போனாள், அரை மணித்தியாலத்தில் அழுதுகொண்டு திரும்பினாள்.

"என்ன பிள்ளை?"

"நீலமும் வெள்ளையில்லையாம், ஐயா."

கடையில் நான் சிரித்துவிட்டேன். கடைக்குப் பின்னாலேயே வீடு, சமைத்துக்கொண்டிருந்த மனைவி குசினிக்குள் இருந்து எட்டிப் பார்த்தாள்.

"சிரியுங்கோ. உங்களுக்கென்ன, நீலம் விக்குது, சவுக்காரம் விக்குது. அந்த மனிசன்ரை சட்டத்தாலை ஊரிலை ஆருக்கு லாபம்?"

அது எனக்குச் சுட்டது. உண்மைதான். நீலப் பொட்டலம் என் கடையில் அதுவரை அப்படி விற்றதில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாட்டுவண்டியில் பீப்பா ஏற்றி, நல்ல தண்ணீருக்குப் பேர்போன சாட்டிக் கிணற்றில் அள்ளப் போனேன். கிணற்றடியில் குடத்தோடு நின்ற பெண்கள் சும்மா விடவில்லை.

"அண்ணை, குடிக்கவோ?"

"உடுப்புத் தோய்க்க."

"என்னது? நாங்கள் விடியப்புறத்திலை இருந்து ஒரு குடத்துக்கு நிக்கிறம். உங்கடை பிள்ளையின்ரை சட்டைக்குத் தண்ணி விடாய்க்குதோ?"

பீப்பாவை வெறுமையாகவே திருப்பிக்கொண்டு வந்தேன். அவர்கள் சொன்னதில் பிழையில்லை. பிழை எங்கே இருந்தது என்று எனக்குத் தெரியும். ஆனால் அதைப் பிடிக்க ஒரு நுனி வேண்டும்.

அந்த நுனி என் கடையிலேயே கிடைத்தது. ஒரு ஊரின் குசினியையும் கிணற்றடியையும் கடைக்காரன் அறிகிற மாதிரி வேறு யாரும் அறியமாட்டான். யார் வீட்டில் காய்ச்சல், யார் வீட்டில் விருந்து, எல்லாம் வாங்குகிற சாமானில் தெரியும். தலைமை ஆசிரியர் என்னிடம் சீனி வாங்கினார், தேயிலை வாங்கினார், சவரம் செய்யப் பிளேட் வாங்கினார். வந்து எட்டு மாதமாக ஒரு கட்டி சவுக்காரம் வாங்கியதில்லை. ஆனால் மனிதர் ஒவ்வொரு நாளும் கொக்குப் போல வெள்ளையாக நடந்து போனார். மற்றக் கடைக்காரரை விசாரித்தேன். அங்கும் இல்லை. பிறகு வெள்ளிக்கிழமைகளில் பின்னேர பஸ்ஸைக் கவனித்தேன். போகும்போது அவர் கையில் வீங்கிய பை ஒன்று. திங்கட்கிழமை காலையில் அதே பை, மடித்து அடுக்கிய உடுப்போடு இறங்கும்.

இதை மனதுக்குள் வைத்துக்கொண்டு இருந்த நாட்களில்தான் சோதனை எழுதுகிறவர்களின் பட்டியல் ஒட்டினார்கள். என் மகளின் பெயர் இல்லை. வரவு போதாதாம். அவள் காய்ச்சல் என்று நின்றது இரண்டோ மூன்றோ நாள். மற்றதெல்லாம் படலை வரை போய்த் திரும்பி வந்த நாட்கள். வந்த பிள்ளையைத் திருப்பி அனுப்பிவிட்டு, வரவில்லை என்று வரவு இடாப்பில் எழுதியிருக்கிறார்கள். இப்படி ஒரு ஈனத்தனத்தை நான் எரிந்த கடைத்தெருவிலும் காணவில்லை. அங்கே எரித்தவன் எரித்தேன் என்றாவது சொன்னான்.

மகள் அழவில்லை. புத்தகங்களை அடுக்கி அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினாள். "இனிப் போகேல்லை ஐயா" என்றாள். எனக்கு அதைத்தான் தாங்க முடியவில்லை. மூன்றாம் வகுப்போடு நின்றவனின் வீட்டில் இன்னொருத்தி நிற்பதா?

அந்த வெள்ளிக்கிழமை பின்னேரம் பெற்றார் ஆசிரியர் கூட்டம். தலைமை ஆசிரியர் மேசைக்குப் பின்னால் கதிரையில் இருந்தார். கூட்டம் முடிந்தவுடன் பஸ் பிடிக்க வேண்டும், அதனால் பை மேசைக்குக் கீழே இருந்தது.

"ஒழுக்கம் உடுப்பிலை தொடங்குது" என்றார். "என்னைப் பாருங்கோ. நானும் இந்தத் தீவிலைதான் இருக்கிறன். என்ரை வேட்டியிலை ஒரு பழுப்பு இருக்கோ? மனம் வேணும்."

நான் எழுந்தேன்.

"நீர் இரும். முதல் படிச்ச ஆக்கள் கதைக்கட்டும்."

"படிச்ச ஆக்கள் கேக்காத கேள்வி ஒண்டு மாஸ்டர். இந்த வேட்டியை எந்தக் கிணத்தடியிலை தோய்ச்சனீங்கள்?"

"அது என்ரை சொந்த விசயம்."

"எட்டு மாசமா இந்த ஊரிலை ஒரு கடையிலும் நீங்கள் சவுக்காரம் வேண்டேல்லை. மேசைக்குக் கீழை இருக்கிற பையிலை என்ன?"

பின்வரிசை வாங்குப் பலகையில் இருந்த புகையிலைத் தோட்டக்காரர் ஒருவர், "புத்தகமாக்கும்" என்றார். ஒரு பெண், "கேக்கிறாரெல்லே, சொல்லுங்கோவன்!" என்றாள். தலைமை ஆசிரியர் காலால் பையை உள்ளே தள்ளினார். தள்ளியதில் வாய் திறந்து, அழுக்கு வேட்டியின் தலைப்பு வெளியே வந்தது.

"கிழமைக்கு ஒருக்கா வீட்டை கொண்டு போறனான். அதிலை என்ன பிழை?"

"ஒரு பிழையும் இல்லை. எங்கடை பிள்ளையளின்ரை உடுப்பையும் அதுக்குள்ளை போடுங்கோ. திங்கட்கிழமை வெள்ளையாக் கொண்டு வாங்கோ."

சிரிப்பில் ஓடு பறந்துவிடும் போல் இருந்தது. நான் சிரிக்கவில்லை.

"என்ரை மகளை வராதவள் எண்டு எழுதினது ஆர்? வந்தவளைத் திருப்பினது ஆர்?"

படலையில் நிற்கும் கடமை தையல் ஆசிரியைக்கு. அந்தப் பெண் எழுந்து சொன்னாள். "நான்தான் திருப்பினனான். பத்தொன்பது நாள். ஒவ்வொரு நாளும் மணி அடிக்க முதலே வந்தவ."

அன்று பின்னேர பஸ் அவரை விட்டுவிட்டுப் போனது.

திங்கட்கிழமை பட்டியலில் மகளின் பெயர் மையால் எழுதிச் சேர்க்கப்பட்டிருந்தது. 'பாலைப் போல' என்ற அறிவித்தலைக் கிழித்துவிட்டு, 'சுத்தமான உடுப்பு' என்று மாற்றினார்கள். மன்னிப்பு என்று ஒரு சொல் வரவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை.

பெயர் வந்தது, கணக்கு எங்கிருந்து வரும்? இரண்டு வருடத்துக்கு மேல் படிப்பிக்காத பாடம். சோதனைக்கு நாலு மாதம். கணக்கில் கெட்டிக்காரரான ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவர் ஊரில் சும்மா இருந்தார். அவர் வீட்டுக்குப் போய் நின்றேன்.

"எனக்குச் சின்னப் பிள்ளையளோடை கத்த ஏலாது" என்றார்.

"கத்த வேண்டாம் அண்ணை. கணக்கை மட்டும் சொல்லிக் குடுங்கோ. கத்துறதுக்கு நான் இருக்கிறன்."

என் புகையிலைக் கொட்டில் ஒன்றை வெறுமையாக்கினேன். பலகை அடித்துக் கறுப்புப் பூசினேன். ஒன்பது பிள்ளைகள் வந்தார்கள். நெடியில் தும்மித் தும்மி, எண்ணுக்குப் பதில் எழுத்தைப் போட்டுச் செய்யும் அட்சர கணிதம் படித்தார்கள். என்ன நிறச் சட்டை என்று ஒருவரும் பார்க்கவில்லை. வாசலில் இருந்து நானும் கேட்டேன். எக்ஸ் என்றால் என்ன என்று இன்றைக்கும் எனக்கு விளங்காது, ஆனால் ஒரு நாளும் வகுப்பு நின்றுபோக விடவில்லை.

ஒன்பது பேரில் ஏழு பேர் கணக்கில் சித்தியடைந்து தேறினார்கள். மகளுக்குச் சாதாரண சித்திதான், அது போதும். இன்று அரசாங்கக் கச்சேரி அலுவலகத்தில் கதிரையில் இருந்து வேலை செய்கிறாள்.

பரிசளிப்பு விழாவில் தலைமை ஆசிரியர் பேசினார். வெள்ளை உடுப்பில் தொடங்கிய ஒழுக்கமே கணக்கில் பலன் தந்ததாம். கைதட்டினார்கள். அவருடைய சட்டத்தால் பிள்ளை படலையில் இருந்து திரும்பி வரக் கண்டவர்களும் தட்டினார்கள். நான் எழுந்து வெளியே போய்த் துப்பிவிட்டு வந்தேன்.

இப்போது பள்ளிக்கூடத்து ஆண்டு நிறைவு விழா மலர் என் கைக்கு வந்திருக்கிறது. முழுப் பக்கத்தில் அவருடைய படம். 'கண்டிப்பால் கணிதத்தை உயர்த்தியவர்' என்று கீழே. பெண்பிள்ளைகளின் கக்கூசும் 'அன்னாரின் காலத்தில் அமைந்தது'. அது தானாக முளைத்ததோ? தபாலதிபர் செத்துப்போனார், அவரைப் பற்றி ஒரு வரி இல்லை. என் கொட்டிலைப் பற்றி அரை வரி இல்லை.

மலர்க்குழுவில் இருக்கிற தம்பிமாருக்குச் சொல்கிறேன். உங்களில் இரண்டு பேர் என் கொட்டிலில் தும்மியவர்கள். எனக்குப் பொன்னாடை வேண்டாம், மாலை வேண்டாம். ஒரு தனித்தாள் அச்சடித்து அந்தப் பக்கத்தில் ஒட்டுங்கள். கணக்கு வந்தது புகையிலைக் கொட்டிலில் இருந்து, சொல்லிக் கொடுத்தவர் தபாலதிபர், கொட்டிலும் பலகையும் கக்கூசும் தந்தவன் இன்னான் என்று போடுங்கள். என் மகள் அந்தப் பத்தொன்பது நாளும் பள்ளிக்கூடத்துக்கு வந்தாள் என்றும் போடுங்கள். என் பெயரை முழுதாக, தகப்பன் பெயரோடு போட வேண்டும். நான் எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். ஆனால் வாசித்துப் பார்ப்பேன்.