எங்கள் கவிதைகளைக் கேட்டுச் ‘சரி’ சொன்னவர்

ரயில் தஞ்சோங் பகார் நிலையத்தை நெருங்கியபோது கைபேசி அதிர்ந்தது. திரையில் சபா அண்ணனின் பெயர். இரண்டு நாளுக்கு முன் நான் வாசித்து அனுப்பியிருந்த நீண்ட கவிதைக்குச் ‘சரி’ வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு, கூட்டத்தோடு இறங்கி, மின்படியில் நின்றபடி திறந்தேன். ‘அவர் காலையில போய்ட்டாரு. நெஞ்சு வலி. சாயந்தரம் வீட்டு புளோக் கீழதான் உடம்ப வச்சிருப்போம். இந்திராணி’ என்று இருந்தது. அவர் மனைவி அவருடைய கைபேசியிலிருந்தே அனுப்பியிருந்தார். மேலே வந்து, அலுவலகக் கட்டடங்களுக்கு நடுவே நின்றேன். எல்லாரும் வேகமாக நடந்துகொண்டிருந்தார்கள். எனக்கு மட்டும் யாரோ ஒலியைக் குறைத்துவிட்டாற்போல் இருந்தது. நான் வேலை பார்க்கும் கட்டடம் எந்தப் பக்கம் என்பதே சற்று நேரம் பிடிபடவில்லை.

நம் குழுவில் இருக்கும் உங்களுக்குச் சபாபதி யாரென்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் நம் பதிவுகளைக் கேட்கிறவர்களுக்கு அவரைத் தெரிந்திருக்க வழியே இல்லை. காப்புரிமைக் காலம் முடிந்து பொதுச் சொத்தாகிவிட்ட பழைய கவிதைகளை நாம் சம்பளமில்லாமல் வாசித்து, யார் வேண்டுமானாலும் இலவசமாகக் கேட்கும்படி இணையத்தில் போடுகிறோம். ஒவ்வொரு பதிவின் முடிவிலும் வாசித்தவர் தன் பெயரைச் சொல்வார். வெளியே விடுமுன் உட்கார்ந்து பிழை பார்த்துக் கேட்டவரின் பெயர் எங்கும் வராது. அது நாமே வைத்துக்கொண்ட முறை. அப்படிப் பெயர் வராமல் இருந்தவர்தான் சபா அண்ணன். அவர் ‘சரி’ என்று எழுதாமல் ஒரு கவிதையும் வெளியே போனதில்லை.

ஓய்வு பெறும்வரை அவர் பார்த்த வேலை, தண்ணீர்க் குழாய்களில் கசிவு கண்டுபிடிப்பது. விடியற்காலையில், வண்டிகள் பெருகுமுன், ஒரு நீண்ட இரும்புக் கோலைச் சாலையில் ஊன்றி, மறுமுனையைக் காதோடு வைத்துக்கொண்டு, பூமிக்கடியில் தண்ணீர் எப்படி ஓடுகிறது என்று கேட்பாராம். சிராங்கூன் ரோடு முழுவதையும் அப்படிக் கேட்டே நடந்திருக்கிறார். “ஒழுங்கா ஓடுற தண்ணி ஒண்ணும் சொல்லாதும்மா. கசியறதுதான் பேசும்” என்பார். அவர் சொல்லச் சொல்ல, பூக்கடைகளுக்கும் நகைக்கடைகளுக்கும் கீழே, இருட்டாக, குளிர்ச்சியாக, இன்னொரு ஊர் மெல்ல நகர்ந்துகொண்டிருப்பதுபோல் எனக்குத் தோன்றும். பல தடவை பேச்சின் நடுவே குனிந்து என் காலடியைப் பார்த்திருக்கிறேன்.

நான் முதன்முதலில் அனுப்பிய பதிவுக்கு அவர் எழுதிய குறிப்பு இன்னும் மறக்கவில்லை. பூன் லேயில் என் வீட்டில் அமைதி என்பது கிடையாது. மேல்மாடியில் யாராவது தரையை உடைத்துக்கொண்டிருப்பார்கள், அது நின்றால் போர் விமானம் போகும். அதனால் துணி அலமாரியைத் திறந்து, புடவைகளுக்கு நடுவே தலையை விட்டு, அந்துருண்டை வாசத்தில் மூச்சு முட்ட வாசித்தேன். பாராட்டு வரும் என்று காத்திருந்தேன். ‘வாசிப்பு நன்று. குளியலறைக் குழாயில் வாஷர் தேய்ந்திருக்கிறது, மாற்றவும்’ என்று வந்தது. கவிதையை வாசித்தால் குழாயைப் பற்றிச் சொல்கிறாரே இந்த மனிதர் என்று எரிச்சலோடு குளியலறைக் கதவைத் திறந்தேன். சொட்டிக்கொண்டுதான் இருந்தது. எத்தனை நாளாகவோ.

எனக்குப் பொறுமை கிடையாது என்பது குழுவில் எல்லாரும் அறிந்த விஷயம். அதை என் குரலிலேயே அவர் கண்டுபிடித்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் லிட்டில் இந்தியாவில் கால் வைக்க இடம் இருக்காது. அந்தச் சத்தத்தில் நம் குரல் கேட்கிறதா என்று பார்க்க, அவர் கைபேசியோடு அங்கே புல்தரையில் போய் உட்காருவார். ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர், தமிழ்நாட்டிலிருந்து கப்பல் பட்டறை வேலைக்கு வந்தவர், என்ன கேட்கிறீர்கள் என்று விசாரித்திருக்கிறார். ஒரு இயர்போனை அவரிடம் கொடுத்து, நான் வாசித்த கவிதையைப் போட்டிருக்கிறார் அண்ணன். முழுவதையும் கேட்டுவிட்டு அந்த மனிதர், “அக்கா நல்லாத்தான் படிக்கிறாங்க. யார் மேல கோவம்?” என்றாராம். அதை ஒரு எழுத்துக்கூட மாற்றாமல் எனக்குக் குறிப்பாக அனுப்பினார். இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள் நானே அழைத்து, என்னதான் செய்ய வேண்டும் என்றேன். “மேடையிலேர்ந்து எறியாதீங்கம்மா. அவரு பக்கத்துல புல்லுல உக்காந்து சொல்லுங்க” என்றார். அன்றிலிருந்து அலமாரிக்குள் தலையை விடும்போதெல்லாம் அந்தப் புல்தரையில் உட்கார்ந்துகொள்வேன். புடவைகள் எல்லாம் விலகி, மாலை வெயிலும், யாரோ தோளில் கைபோட்டுச் சிரிப்பதும் தெரியும். என் குரல் தணிந்தது அப்படித்தான்.

இனி சொல்லப்போவதை நான் உங்கள் யாரிடமும் சொன்னதில்லை.

சென்ற ஆண்டு ஒரு தாலாட்டை வாசித்தேன். அதில் ஒரு கண்ணியை முதலில் வாசித்தது பிடிக்காமல், மறுபடி வாசித்தேன். முதல் வாசிப்பை வெட்டி எடுக்க வேண்டும். நாம் எல்லாருமே செய்கிற தவறுதான், மறந்துவிட்டேன். அண்ணன் ‘சரி’ என்று எழுதினார், பதிவு வெளியே போயிற்று. ஒரு வாரம் கழித்துப் பேருந்தில் போகும்போது தற்செயலாகக் கேட்டால், ஒரே கண்ணி அடுத்தடுத்து இரண்டு முறை வருகிறது. குளியலறைக் குழாய் சொட்டியதைக் கேட்ட மனிதருக்கு இது எப்படித் தப்பியது? தூங்கிக்கொண்டா கேட்டார்? எனக்குக் கோபம் தலைக்கேறியது. நேரில் கேட்டுவிடுவது என்று சனிக்கிழமை பிடோக்குக்குப் போனேன்.

அவர் வீட்டருகே காப்பிக் கடையில், எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார். பின்னாலிருந்து கூப்பிட்டேன். திரும்பவில்லை. இன்னும் கிட்டே போய்க் கூப்பிட்டேன். அப்போது பாத்திரம் துலக்குகிற பெண் ஒரு தட்டு முழுக்கக் கோப்பைகளைக் கீழே போட்டார். கடையே துள்ளித் திரும்பியது. சபா அண்ணன் மட்டும் தேநீரைக் கலக்கிக்கொண்டிருந்தார். நான் எதிரே போய் உட்கார்ந்ததும் முகம் மலர்ந்து, “என்னம்மா இவ்வளவு தூரம்?” என்றார். பேசும்போது என் கண்ணைப் பார்க்கவில்லை, உதட்டையே பார்த்தார். சண்டை போட வந்த நான், பக்கத்தில் ஒரு வேலையாக வந்ததாகப் பொய் சொல்லி, இஞ்சி போட்ட தே ஆலியா ஒன்று குடித்துவிட்டு எழுந்தேன்.

குழுவில் சொல்லியிருந்தால் நாம் என்ன செய்திருப்போம் என்று எனக்குத் தெரியும். மரியாதையாக, ஒரு சால்வை போர்த்தி, அவரை ஓய்வெடுக்கச் சொல்லியிருப்போம். ஆயுள் முழுக்கக் காதாலேயே பிழைத்த மனிதரிடம் போய், உங்கள் காது போதும் என்று எப்படிச் சொல்வது? என்னால் முடியவில்லை. பதிவுகளை ஏற்றுவது நான்தான் என்பதால், அந்தத் தாலாட்டைச் சத்தமில்லாமல் இறக்கி, வெட்டி, மறுபடி ஏற்றினேன். அதற்குப் பிறகு அவர் ‘சரி’ சொன்ன எல்லாப் பதிவுகளையும் வெளியே விடுமுன் நான் ஒருமுறை கேட்டேன். உங்கள் எல்லாருடைய குரலையும்தான். கிழக்கிலிருந்து மேற்குவரை ரயிலில் உட்கார்ந்து, கண்ணை மூடிக் கேட்பேன். ஜன்னலுக்கு வெளியே வீடமைப்புப் புளோக்குகள் ஓடிக்கொண்டிருக்கும், காதுக்குள் நூறு வருஷத்துக்கு முந்தைய யாரோ ஒருவரின் மழையும் ஆறும் போய்க்கொண்டிருக்கும். பல நாள் இறங்க வேண்டிய பூன் லேயைத் தாண்டிப் போயிருக்கிறேன். சொற்பிழைகள் அகப்பட்டன, ஏதேதோ சாக்குச் சொல்லி உங்களையே திருத்த வைத்தேன். வினோதம் என்னவென்றால், இருமல், கதவு, விமானம் என்று இரைச்சல் எதுவும் அகப்படவில்லை. அவற்றுக்கெல்லாம் அண்ணன் முன்பே நிமிடத்தோடு குறிப்பு எழுதித் திருத்தச் சொல்லியிருப்பார். காது கேட்காதவருக்கு அது எப்படித் தெரிகிறது என்று எனக்குக் குழப்பமாகவே இருந்தது.

ஒரு தடவை அவரே வாயைத் திறந்தார். பிடோக் நீர்த்தேக்கக் கரையில் நடந்துகொண்டிருந்தோம். காற்றில்லாத மாலை, தண்ணீர் அசையாமல் கிடந்தது. மரத்தில் குயில் ஒன்று ஓயாமல் கத்திக்கொண்டிருந்தது. நின்று அண்ணாந்து பார்த்தார்.

“கத்துதா?” என்றார்.

“ஆமாண்ணே.”

“இந்த வருஷம் வரலையோன்னு நெனச்சேன்.”

அப்போது நான் கேட்டிருக்கலாம். அவர் கேட்கச் சொல்லித்தான் அதைச் சொன்னார் என்று இப்போது படுகிறது. நான் அவசரமாக வேறு எதையோ பேசினேன். அடுத்த மாதத்துக்கு யார் எதை வாசிப்பது என்று ஏதோ. அவரும் தலையாட்டிக்கொண்டு நடந்தார். அவரை நோகடிக்கக் கூடாது என்றுதான் அப்படிச் செய்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். உண்மையில் எனக்குத்தான் துணிச்சல் இல்லை. அதற்காக வருந்துகிறேன்.

அவர் போன அன்று மாலை புளோக்கின் கீழ்த்தளத்துக்கு உங்களில் பலரும் வந்திருந்தீர்கள். கூட்டம் குறைந்த பிறகு இந்திராணி அண்ணி என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். என் கையைப் பிடித்துக்கொண்டு, மாலா, உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும், கோபப்படக் கூடாது என்று ஆரம்பித்தார். இரண்டு வருஷமாக அவருக்குக் காது சரியாகக் கேட்காது. மருத்துவர் கொடுத்த கருவி எல்லாக் குரலையும் தகரச் சத்தமாக்குகிறது என்று இழுப்பறையில் போட்டுவிட்டார். அதனால் நம் பதிவுகளையெல்லாம் கேட்டது அண்ணிதான். ஜன்னலோரம் இருவரும் உட்காருவார்களாம். அண்ணி இயர்போனைக் காதில் மாட்டிக்கொண்டு கேட்பார். இருமலோ இரைச்சலோ வந்தால் கையைத் தூக்குவார், அண்ணன் நிமிடத்தைக் குறித்துக்கொள்வார்.

“எனக்குப் பழைய தமிழெல்லாம் வராது மாலா. இங்கிலிஷ் ஸ்கூல் லா நான். எது தப்பு எது சரின்னு எனக்கு எப்படித் தெரியும்? சத்தம் வந்தா மட்டும் கைய தூக்குவேன்” என்றார்.

அந்தத் தாலாட்டு நினைவிருக்கிறதா என்று கேட்டேன். நன்றாக நினைவிருந்தது. “ஒரு எடம் ரெண்டு தடவ வந்துச்சே. பாட்டுல பல்லவி திரும்ப வராதா, அந்த மாதிரின்னு நெனச்சேன். நல்லாவும் இருந்துச்சு” என்றார்.

நானும் சொல்லிவிட்டேன். எனக்குத் தெரியும் என்று, ஒரு வருஷமாக ஒளிந்து கேட்டுக்கொண்டிருந்தேன் என்று. அண்ணி நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு, அழுது வீங்கிய முகத்தோடு சிரிக்க ஆரம்பித்தார். அப்போ ரெண்டு பேர் அவருக்குக் காதாக இருந்திருக்கிறோம், அவர் மட்டும் ஜாலியாக ‘சரி’ போட்டுக்கொண்டிருந்தாரா என்றார். அந்த இடத்தில் சிரிக்கக் கூடாதுதான். இருவரும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டோம்.

நான் கிளம்பும்போது அண்ணி தயங்கித் தயங்கி ஒன்று கேட்டார். “நீங்க கடைசியா அனுப்புனது பாதிதான் கேட்டோம். அவரு தூக்கம் வருதுன்னு போய்ட்டாரு. மீதிய நான் கேக்கலாமா?” அவருக்கு இரண்டு வருஷமாக நாள்தோறும் ஜன்னலோரம் ஒரு வேலை இருந்தது. இனி அந்த நாற்காலியில் உட்கார்ந்து என்ன செய்வது என்ற பயம் அவர் குரலில் இருந்தது. கேளுங்கள் அண்ணி, நீங்கள் கேட்டால்தான் அது வெளியே போகும் என்றேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், அண்ணனின் எண்ணிலிருந்து ‘சரி’ என்று வந்தது. அந்த ஒரு சொல்லை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நண்பர்களே, இனி நம் பதிவுகளைக் கேட்கப்போவது இந்திராணி அண்ணி. சொற்பிழையை நான் பார்த்துக்கொள்கிறேன். இதில் உங்களுக்கு ஆட்சேபணை இருந்தால் என்னிடம் சண்டைக்கு வாருங்கள், நான் தயார். சபா அண்ணனிடமிருந்து நான் எனக்கென்று வைத்துக்கொள்வது, வாசித்து அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும் பழக்கத்தைத்தான். சென்ற வாரம் ஒரு பழைய கடற்கரைக் கவிதையை, ஒரு தடங்கலும் இல்லாமல், இதுவரை வாசித்ததிலேயே நன்றாக வாசித்தேன் என்ற நினைப்போடு அனுப்பினேன். மறுநாள் காலையில் அண்ணி தட்டுத்தடுமாறித் தட்டச்சு செய்த பதில் வந்தது: ‘நாலாவது நிமிஷத்துல அழுறீங்க. மறுபடி வாசிங்க.’