வீக்கம் வடிந்த பிறகும்

ஒரு நாள் காலையில் என் மகள் பொன்மணி கண்ணைத் திறக்க முடியாமல் எழுந்தாள். இமை இரண்டும் பணியாரம் போல உப்பியிருந்தன. கொசு கடித்திருக்கும் என்றேன். அவளுக்கு அப்போது ஒன்பது வயது.

திருநெல்வேலி டாக்டரம்மா சோதித்துவிட்டு நெஃப்ரோடிக் சிண்ட்ரோம் என்றார் (சிறுநீரகம் புரதத்தைப் பிடித்து வைக்காமல் சிறுநீரோடு விட்டுவிடும் நோய்). ஸ்டீராய்டு மாத்திரை (அந்தக் கசிவை அடக்கும் மருந்து) எழுதினார். கேட்காமல் நிறுத்தக் கூடாது என்றார்.

வீக்கம் வடிந்தது. ஆனால் மாத்திரையால் கன்னம் உருண்டு, பள்ளிக்கூடத்தில் பூசணி என்று கூப்பிட்டார்கள். அழுதாள்.

அங்கேதான் தப்புச் செய்தேன். சங்கரன்கோவில்காரர்கள் நாங்கள் உடம்புக்கு எது வந்தாலும் கோயில் புற்றுமண்ணைப் பூசி, ஒரு சிட்டிகை வாயிலும் போடுவோம். "போதும் மக்கா, இனி மண்ணு பாத்துக்கிடும். எல்லாம் சரியாப் போச்சு" என்று மாத்திரையை நிறுத்தினேன். இரண்டு வாரத்தில் காலும் வயிறும் சேர்ந்து வீங்கின.

மறுபடியும் ஆஸ்பத்திரி. உப்பில்லாக் கஞ்சி. படுத்தபடியே கேட்டாள்: "அப்பா, பிரபஞ்சத்துக்கு வெளிய ஏதாவது இருக்குமா?"

நான் பத்தாவதோடு தறிக்குப் போனவன். சாமி இருக்கிறார் என்றேன்.

"சாமிக்கு வெளிய?"

சும்மா கிட என்றேன். அவ்வளவு அசதி.

டாக்டரம்மா வந்ததும் அவரிடமே கேட்டாள். ஒளி வந்து சேர்ந்த தூரம் வரைதான் நம்மால் பார்க்க முடியும், அதைத் தாண்டியும் பிரபஞ்சம் நீளலாம், அதற்கும் வெளியே ஏதாவது உண்டா என்று யாருக்கும் தெரியாது என்றார் அவர். நானும் என் கேள்வியைக் கேட்டேன். இந்த நோய் திரும்ப வருமா?

"அதுவும் தெரியாதுங்க. வரலாம். பாத்துக்கிட்டே இருக்கணும்."

அவர் போனதும் பொன்மணி சொன்னாள்: "டாக்டரே தெரியாதுங்காவ. நீங்க மட்டும் எப்படிப்பா சரியாப் போச்சுன்னு சொன்னிய?"

கஞ்சிக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு கழுவப் போனேன்.

பிள்ளைகளே, உங்கள் வீட்டிலும் யாராவது சரியாகிவிட்டது என்றால், டாக்டர் சொன்னாரா என்று கேளுங்கள். பெற்றவர்கள் நாங்கள் கெட்டவர்கள் இல்லை. களைத்துப்போனவர்கள். முடிந்தது என்று சொல்லிவிட எங்களுக்கு ஆசை.

இப்போது தினமும் காலையில் அவள் சிறுநீரில் ஒரு சோதனைப் பட்டையை நனைத்துப் பார்க்கிறோம். மஞ்சள் என்றால் கசிவு இல்லை, பச்சை என்றால் உண்டு. புற்றுமண் இன்னும் பூசுகிறோம், மாத்திரை போட்ட பிறகு. முன்பெல்லாம் அவள் கல்யாணம் வரை யோசிப்பேன். இப்போது என் நாள் அந்தப் பட்டையில் தொடங்கி, மறுநாள் பட்டையோடு நின்றுவிடுகிறது.

இன்று மஞ்சள்.

"நாளைக்கு?" என்றாள், என்னைச் சோதிக்கத்தான்.

"தெரியல மக்கா."

"பாஸாயிட்டியப்பா" என்று சொல்லிப் பையை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனாள்.