சந்தேகிக்கப்பட்டவர் வீட்டில் ஒரு பெட்டி

ராஜா அண்ணாமலைபுரத்தில் எட்டே வீடுகள் கொண்ட ஒரு பழைய அடுக்ககம். அதன் சங்கப் பதிவேட்டில் தரைத்தளம் இரண்டாம் எண்ணுக்கு நேரே இப்படி இருக்கிறது: ‘திருமதி தங்கபுஷ்பம், வயது 61, தனியாக வசிப்பவர். கணினி தெரியாதவர். அறிவிப்புகளைத் தாளில் அச்சிட்டுக் கதவில் செருகவும்.’

எழுதியவர் செயலாளர் ராஜகோபாலன், வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவர். சங்கக் கூட்டங்களின் வீடியோக்களை அவர் இணையத்தில் ஒரு கோப்புறையில் போட்டுவைத்திருந்தார். அதில் சேர மறுத்தவர் தங்கபுஷ்பம் ஒருவர்தான். தெரியாமல் மறுப்பவர்களைப் போலவே தெரிந்து மறுப்பவர்களும் உண்டு என்று ராஜகோபாலனுக்குத் தோன்றியிருக்கலாம். தோன்றவில்லை.

தங்கபுஷ்பம் தி.நகரில், தெற்கத்திக்காரர்கள் நடத்தும் ஒரு ஜவுளிக்கடையில் முப்பத்தோரு வருஷம் சரக்குச் சரிபார்ப்பில் இருந்தவர். அந்தக் கடையில் ஒரு வழக்கம். உள்ளே வரும் ஒவ்வொரு சேலைக் கட்டையும் மூன்று பேர் தனித்தனியாக எண்ணுவார்கள். ஒருவர் சீட்டை மற்றவர் பார்க்கக் கூடாது. மூவரும் ஒரே ஊர்க்காரர்களாக இருக்கக் கூடாது. மூன்று சீட்டும் ஒத்துப்போனால்தான் கட்டு அலமாரிக்குப் போகும். கடைக்குக் கணினி வந்தபோது மற்றவர்கள் பயந்தார்கள், இவர் சந்தேகப்பட்டார். பயந்தவர்கள் அதைத் தொடவில்லை. சந்தேகப்பட்டவர் அதை முழுக்கக் கற்றுக்கொண்டார்.

அடுக்ககத்தை இடித்துப் புதிதாகக் கட்ட ஒரு நிறுவனம் வந்தது. நான்காவது கூட்டத்தில் அதன் மேனேஜர், “தரைத்தளத்து அம்மாவுக்கு முதல் மாடியில அதே அளவு வீடு, ஒரு அடி குறையாது” என்று வாயாரச் சொன்னார். ராஜகோபாலன் வழக்கம்போல ஃபோனில் வீடியோ எடுத்தார். தங்கபுஷ்பம் வழக்கம்போல, அவர் மாடிப்படி ஏறுவதற்கு முன்பே பென் டிரைவை நீட்டி ஒரு பிரதி வாங்கிக்கொண்டார். ஆனால் பென் டிரைவை நம்பி ஒரு வீட்டை விட முடியுமா? மறுநாள் மின்னணுச் சாமான்கள் விற்கும் ரிச்சி தெருவுக்குப் போனார்.

“இன்னாக்கா, சிசிடிவியா?” என்றார் கடைக்காரர் ஹஸன்.

“வீடியோ சேத்து வைக்கணும். அழியக் கூடாது.”

“அதுக்கு கிளவுடு கீதே.”

“அது யாரு வீட்டுல இருக்கு?”

ஹஸன் யோசித்தார். “அமெரிக்காவுல எங்கியோ கீதுக்கா.”

“அட்ரஸ் தெரியாத வீட்டுல நான் துணிகூடக் காயப்போட மாட்டேன்.”

ஹஸன் சிரித்துக்கொண்டே உள்ளங்கை அகலத்தில் ஒரு பச்சைப் பலகையை எடுத்து வைத்தார். முழுக் கணினியும் அந்த ஒரே பலகையில் அடக்கம். ஒரு ஹார்டு டிஸ்க்கை மாட்டிவிட்டால் வீட்டிலேயே ஒரு சேமிப்புப் பெட்டி. தங்கபுஷ்பம் அதைப் பட்டுச் சேலையின் ஜரிகையைப் பார்ப்பதுபோலத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். டிஸ்க்குக்குப் போதுமான கரண்டை இதுவே கொடுக்குமா, தனியாகக் கொடுக்க வேண்டுமா? சித்திரை வெயிலில் எவ்வளவு சூடாகும்? கரண்ட் போய்வந்தால் தானே எழுந்துகொள்ளுமா, ஆள் போய் எழுப்ப வேண்டுமா? கடைசியில், ஜவுளிக்கடை வழக்கப்படி மூன்று வேண்டும் என்றார்.

“மூணும் ஒரே மாடலா எடுத்துக்கோக்கா. கொறைச்சுப் போட்டுத் தரேன்.”

“ஒரே மாடல்னா ஒரே சீக்கு. மூணும் சேர்ந்து படுத்துக்கிடும். வேற வேற கம்பெனிதான் வேணும். உங்கிட்ட ஒண்ணுதான் எடுப்பேன்.”

“என் மேலயே டவுட்டாக்கா?”

“உன் மேல மட்டும் இல்லப்பா.”

வாங்கிய பலகைகளை அடுக்களையில் ஜன்னலைச் சாத்திவைத்து ஓடவிட்டார். ஒவ்வொன்றின் பிளக்கையும் நாற்பது முறை பிடுங்கி, நாற்பது முறை செருகினார். ஒன்று பன்னிரண்டாவது முறை எழுந்திருக்கவில்லை. அது அன்று மாலையே கடைக்குத் திரும்பிப் போனது, பதிலுக்கு இன்னொன்று வந்தது.

தேறிய மூன்றிலும் வீடியோக்களை ஏற்றிவிட்டு, அடுத்த கூட்டத்துக்காகப் பென் டிரைவைக் காலி செய்தார். மூன்றும் ஒரே தரமில்லை. மட்டமானது டிஸ்க் இல்லாமல் வெறும் மெமரி கார்டில் ஓடுவது. கண் எதிரே இருப்பதற்கு அது போதும் என்று தன் வீட்டில் வைத்துக்கொண்டார். நடுத்தரமானதை வேளச்சேரியில் சக்திவேல் வீட்டில் வைத்தார். இருபது வருஷம் கூடவே கட்டு எண்ணியவர் சக்திவேல். தங்கபுஷ்பம் இந்த ஊரில் நம்பிய ஒரே ஆள். ஆக உசத்தியானதை இரண்டாவது மாடிக்குத் தூக்கிக்கொண்டு போய் ராஜகோபாலன் முன்னால் வைத்தார்.

“சார், இது உங்க வீட்டுல ஒரு ஓரமா ஓடட்டும். கூட்டத்து வீடியோ எல்லாம் ஒரு காப்பி இதுல இருக்கு.”

“எங்காத்துலயா? எதுக்கும்மா? என்கிட்டதான் ஆன்லைன்ல எல்லாம் இருக்கே.”

“அதனாலதான் சார். எனக்கு உங்க மேல நம்பிக்கை இல்ல.”

“நம்பிக்கை இல்லேன்னா என்கிட்டயே ஏன் கொண்டுண்டு வரேள்?”

“நாளைக்கு உங்க வீட்டுல இருந்தே எடுத்துக் காட்டினா, பொய்னு நீங்க சொல்ல முடியாதுல்லா.”

மறுத்தால் சந்தேகம் உறுதியாகும். ஒப்புக்கொண்டால் அவமானம் உறுதியாகும். ராஜகோபாலன் அவமானத்தைத் தேர்ந்தெடுத்து, பெட்டியை டிவிக்குப் பக்கத்தில் வைத்தார்.

தினமும் காலையில் தங்கபுஷ்பம் ஃபோனில், பெட்டிக்கு ஒன்றாக, மூன்று பச்சைப் புள்ளிகளைப் பார்ப்பார். ஜூனில் ஒருநாள் கரண்ட் நாலைந்து முறை போய்வந்ததில் அவர் வீட்டு மெமரி கார்டு செத்தது. உடனே வேறு வாங்கியிருக்கலாம். ஆனால் ஐந்து கடையில் கார்டு வாங்கி, ஐந்தையும் சோதித்து, ஐந்தையும் திருப்பிக் கொடுத்தார். அப்படியே மூன்று வாரம் போயிற்று. அதற்குள் வேளச்சேரிப் புள்ளியும் சிவப்பானது. ஃபோன் செய்தார்.

“ஓடிக்கிட்டுதான்க்கா இருக்கு. நெட்டுதான் மக்கர் பண்ணுது” என்றார் சக்திவேல்.

வாழ்க்கையில் முதல்முறையாகத் தங்கபுஷ்பம் போய்ப் பார்க்கவில்லை.

ஜூலையில் ஒப்பந்த நகல் வந்தது. அவருடைய புது வீட்டில் அறுபது சதுர அடியைக் காணோம். கார் நிறுத்துமிடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டுக் கூட்டம் கூடியது.

“அதே அளவுன்னு நாங்க சொன்னதா ரெக்கார்டு ஏதாவது இருக்கா மேடம்?” என்றார் மேனேஜர், ரொம்ப மரியாதையாக.

ராஜகோபாலன் லேப்டாப்பைத் திறந்தார். கோப்புறை திறக்கவில்லை. அது அவருடைய மாப்பிள்ளையின் அலுவலகக் கணக்கில் இருந்திருக்கிறது. மாப்பிள்ளை போன மாதம் வேலை மாறிவிட்டார். பழைய அலுவலகம் கணக்கை மூடிவிட்டது. வீடியோக்களைத் தன் ஃபோனிலிருந்து ராஜகோபாலன் எப்போதோ அழித்திருந்தார்.

“சரியா டைம் பாத்துக் காணாமப் போயிருக்கு” என்றார் முதல் மாடி ஜவஹர். “புது பில்டிங்ல மொட்டை மாடி உங்களுக்குன்னு பேசியிருக்கா சார்?”

“பகவானே! நான் எதையும் தொடலை ஜவஹர்!”

தங்கபுஷ்பம் வேளச்சேரிக்கு ஃபோன் போட்டார். எடுத்தவர் சக்திவேலின் மனைவி.

“அந்தப் பொட்டியா? பிளக்கு வாஷிங் மெஷினுக்கு வேணும்னு கழட்டிட்டாருக்கா. டிஸ்க்கை எங்க கம்ப்யூட்டர்ல மாட்டினா ஒண்ணுமே இல்ல, அழிக்கவான்னு கேட்டுச்சு. சரின்னு அழிச்சிட்டு, பேரப் பசங்களுக்குப் படம் போட்டு வெச்சிருக்காரு.”

கடவுச்சொல்லால் பூட்டிவைத்த டிஸ்க் வேறு கணினியில் காலியாகத்தான் தெரியும். பூட்டியவருக்குத் தெரியும். நம்பிய ஆளுக்கு அதைச் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

எல்லோரும் இரண்டாவது மாடிக்கு ஏறினார்கள். டிவிக்குப் பக்கத்தில் பச்சை விளக்கு சிமிட்டிக்கொண்டிருந்தது. பெட்டிமேல் ‘தொடாதே’ என்று ஒரு சீட்டு ஒட்டியிருந்தது.

“தூசி தட்டப்படாதுன்னு ஆத்துக்காரிகிட்டகூடச் சொல்லி வெச்சிருக்கேன்” என்றார் ராஜகோபாலன். “கரண்ட் போனா இன்வெர்ட்டர்ல என் ஃபேனைக் கழட்டிட்டு இதைத்தான் மாட்டுவேன். லைட் அணைஞ்சா இந்தம்மா போலீஸோட வந்து நிப்பாளே!”

நேர்மையைவிடப் பயம் நன்றாகக் காவல் காக்கிறது என்று அறநூல்கள் ஒத்துக்கொள்வதில்லை. அந்தப் பெட்டி ஒத்துக்கொண்டது. தங்கபுஷ்பம் ஃபோனை இணைத்துக் கடவுச்சொல்லைப் போட்டு, நான்காவது கூட்டத்தைத் தேடி எடுத்தார். ‘ஒரு அடி குறையாது’ என்று மேனேஜரின் குரலே மேனேஜரின் முன்னால் சொன்னது.

“டைப்பிங் மிஸ்டேக்கா இருக்கும் மேடம். மாத்திடறோம்” என்றார் அவர். அங்கேயே, எட்டுப் பேர் முன்னால், அறுபது அடியைப் பேனாவால் சேர்த்துக் கையெழுத்தும் போட்டார்.

ராஜகோபாலன் மூச்சு விட்டார். “இப்பவாவது என்னை நம்பறேளா?”

“பெட்டி இங்கேயே இருக்கட்டும் சார்.”

மறுநாள் தங்கபுஷ்பம் பஸ் ஏறி வேளச்சேரிக்குப் போனார். சக்திவேல் வீட்டுப் பெட்டியை எடுத்துவந்து, தான் துளியும் நம்பாத ஜவஹர் வீட்டில் வைத்தார்.