பாஞ்சாலை வீட்டுப் புகை

பாஞ்சாலை தன் வீட்டுக் கூரையைப் பிடுங்கி அடுப்பில் வைத்த கதையை நான் பலவிதமாகச் சொல்லியிருக்கிறேன். அந்தப் புகையைப் பார்த்துத் திருப்பத்தூர் பஸ் டிரைவர் பட்டப்பகலில் விளக்கைப் போட்டார் என்பேன். மரத்தில் தேன் தின்றுகொண்டிருந்த கரடி தும்மித் தும்மியே கீழே விழுந்தது என்பேன். டிரைவரும் கரடியும் என் கைச்சரக்கு. கூரை அப்படியல்ல. அது எரிந்தபோது பக்கத்தில் குடை பிடித்துக்கொண்டு நின்றவள் நான்.

1979 ஐப்பசி. ஜவ்வாது மலையில் நெல்லிமரத்தூர் பள்ளிக்கூடத்துக்கு நான்தான் டீச்சர். புருஷனைக் கண்ணமங்கலத்தில் விட்டுவிட்டு மலையில் தனியாகக் குடியிருக்கிறாளே என்று என்னைப் பற்றிக் கீழே ஏகப்பட்ட பேச்சு. அதனாலோ என்னவோ, வந்த முதல் மாதமே பாஞ்சாலையோடு ஒட்டிக்கொண்டேன்.

அவளுக்கு முப்பது வயதிருக்கும். புருஷன் அடிக்கிறான் என்று ஊர் கூடிய இடத்தில் துரும்பைக் கிள்ளிப் போட்டு உறவை முறித்துக்கொண்டு பிறந்த ஊருக்கு வந்தவள். அதை யாரும் குற்றமாகப் பேசவில்லை. அங்கே அது நடக்கிறதுதான். அதற்கப்புறம் அவள் செய்ததுதான் யாருக்கும் பிடிபடவில்லை. தம்பி சின்னராசு வீட்டில் ஒண்டிக்கொள்ளாமல், அப்பன் சாகும்போது அவளுக்கென்று காட்டிய சரிவு நிலத்தில் காவல் குடிசையைப் பெரிதாக்கினாள். தானே மஞ்சம்புல் அறுத்து வேய்ந்தாள். தனி அடுப்பு மூட்டினாள். காட்டுப்பன்றியை விரட்டத் தானே தகரம் தட்டினாள். சாமை நன்றாகவே விளைந்தது.

புதுச் சாமையை அம்மனுக்குப் படைக்கும் நாளில் அந்த ஊரில் ஒரு முறை இருந்தது. காலையில் ஊர் கூவி லட்சுமணன் தம்பட்டத்தோடு கோவில் பாறைமேல் ஏறுவார். எந்த வீட்டிலிருந்து புகை எழுகிறதோ அந்த வீட்டு ஆம்பளை பேரைக் கூவி ஓர் அடி போடுவார். கூவப்பட்டதுதான் வீடு, அந்த வீட்டுக்குத்தான் நிலம். கூவாத அடுப்பின் நிலம் அண்ணனோ தம்பியோ, அவன் வீட்டோடு சேர்ந்துவிடும். ஆனால் எழுந்த புகையைப் பார்த்துவிட்டுக் கூவாமல் விடவும் கூடாது. அம்மன் பொறுக்கமாட்டாள்.

அதனால்தான் முந்தின நாள் ஊர்க்கவுண்டர் கோவிந்தன் குடிசைக்கு வந்தார். நானும் அங்கே இருந்தேன்.

"எம்மா பாஞ்சால, நாளைக்கு ஒரு நாளு அடுப்பு மூட்டாத. உன் தம்பி வூட்ல இருந்து சோறு வரும். கறியோட."

"ஏன் கவுண்ட மாமா, என் அடுப்புல இன்னா கொறை?"

"கொறை ஒண்ணும் இல்ல. பொகை வந்தா கூவணும். யாரு பேரக் கூவறது?"

"எங்கப்பன் எனக்கு ஒரு பேரு வெச்சிட்டுத்தான போனாரு. அதக் கூவச் சொல்லு."

"பொம்பள பேர அந்தப் பாறையில கூவினதே இல்லம்மா." கவுண்டர் என் பக்கம் திரும்பினார். "டீச்சர், நீங்களாச்சும் சொல்லுங்க."

"எனக்குக் கூட்டல் கழித்தல்தாங்க சொல்லிக்கொடுக்கத் தெரியும்" என்றேன். முறைத்துவிட்டுப் போனார்.

சற்று நேரத்தில் சின்னராசு வந்தான். "அக்கா, கோவில் பொங்கலுக்கு வூட்டுக்கு வூடு வெறகு குடுக்கணும். உன் பங்கு?"

தன்னையும் ஒரு வீடாகச் சேர்த்துவிட்டார்கள் என்று பாஞ்சாலைக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. காய்ந்த விறகு அத்தனையும் அள்ளிக் கொடுத்தாள். ஒரு குச்சிகூட மிச்சம் வைக்கவில்லை.

மறுநாள் விடியும்போதே மழை. குடையோடு கோவில் வழியாக வந்தேன். அங்கே சின்னராசு பெயரில் இரட்டைக் குவியல் விறகு கிடந்தது; பாஞ்சாலை பெயரில் ஒன்றுமில்லை. அவன் பெண்டாட்டி அதைப் பெருமையாகக் காட்டிக்கொண்டிருந்தாள். குடிசைக்கு வந்து பாஞ்சாலையிடம் சொன்னேன்.

அவள் ஈரச் சுள்ளியை அடுப்பில் வைத்து ஊதிக்கொண்டே இருந்தாள். கண் சிவந்ததுதான் மிச்சம். கொஞ்சம் எழுந்த புகையும் வாசலைத் தாண்டியதும் மூடுபனியோடு கலந்துவிட்டது. பாறையிலிருந்து தம்பட்டம் கேட்டது.

"கோவிந்தன் வூடு!"

"ஸ்கூல்ல மண்ணெண்ணெய் இருக்கு, எடுத்துட்டு வரட்டுமா?" என்றேன்.

"வாணாம் டீச்சர். இந்த வூட்டு நெருப்பு இந்த வூட்டுப் பொருள்லதான் எரியணும். இல்லன்னா அதையும் ஒரு சாக்கா சொல்லுவாங்க."

"சின்னராசு வூடு!"

அதைக் கேட்டதும் அவள் அண்ணாந்து பார்த்தாள். கூரையின் உள்பக்கம், மழை தொடாத புல், கோடை முழுதும் காய்ந்து கரி படிந்து தொங்கியது. சாமை குத்தும் உரலைக் கவிழ்த்து அதன்மேல் ஏறினாள். முதல் பிடி. அடுத்தது ஒரு கத்தை. அடுப்பு பொக்கென்று பிடித்தது. மேலே நொச்சித் தழையைப் போட்டாள். வெள்ளைப் புகை திரண்டு, கூரையில் விழுந்த ஓட்டை வழியாகவே நெட்டுக்குத்தாக ஏறியது. அதே ஓட்டை வழியாக மழையும் இறங்கியது.

"கொடையப் பிடிங்க டீச்சர்! எனக்கில்ல, அடுப்புக்கு! சாய்ச்சிப் பிடிங்க, பொகை போவணும்!"

பிடித்தேன். மூடுபனி விலகவும் தம்பட்டம் நின்றது. பாறை எங்கள் தலைக்கு மேலேதான். பேச்சு தெளிவாகக் காதில் விழுந்தது.

"லட்சுமணா, அத வுட்டுடு" என்றார் கவுண்டர்.

"ஆத்தா பாத்துட்டா கவுண்டரே. நான் பாக்கலன்னு எப்பிடிச் சொல்றது?" பிறகு லட்சுமணன் கூவினார்: "சின்னராசு அக்கா வூடு!"

பாஞ்சாலை வாசலுக்கு ஓடினாள். "அவன் பொகை அதோ போவுது பாரு! இது யாரு பொகை? பேரச் சொல்லு!"

"அட, உட்டுக்குடேன் பாஞ்சால!" என்றார் கவுண்டர் மேலேயிருந்து.

"சொல்ற வரிக்கும் மூட்டுவேன்! இன்னும் கூரை கீது!"

உள்ளே வந்து மறுபடி உரலில் ஏறினாள். கத்தை கத்தையாகப் பிடுங்கினாள். மூங்கில் வரிச்சு எலும்பாகத் தெரிந்தது. பாதி வீடு வானத்துக்குத் திறந்துவிட்டது. ஊர் முறையை மீறி வாழ்கிறவள் அதை உதறிவிட்டு ஓடத்தான் பார்ப்பாள் என்று அதுவரை நினைத்திருந்தேன். இவளோ அதே பாறையில், அதே வரிசையில் தன் பேரும் வேண்டும் என்று வீட்டையே எரித்துக்கொண்டிருந்தாள். அவ்வளவு பிடிவாதம் ஓடிப்போகிறவர்களுக்குத் தேவைப்படாது.

மழை இரைச்சலுக்கு மேலே கடைசியில் கேட்டது.

"பாஞ்சாலை வூடு!"

தம்பட்டத்தில் ஓங்கி ஓர் அடி.

அவள் உரலைவிட்டு இறங்கி, நனைந்த முந்தானையைப் பிழிந்துகொண்டு, அம்மனுக்குப் படைக்கச் சாமையைப் படியால் அளக்க உட்கார்ந்தாள். கோவிலில் கவுண்டர் அதை வாங்கிக்கொண்டார். சும்மா வாங்கவில்லை. "கூரை இல்லாத எடத்த வூடுன்னு கூவ வெச்சிட்டியே" என்றார்.

"கூரைக்குப் புல்லு மலை முழுக்கக் கீது மாமா" என்றாள்.

மழை விட்டதும் புல் அறுத்து மறுபடி வேய்ந்தாள். வேலை முடிந்ததும் போய்ப் பார்த்தேன். அடுப்புக்கு நேர் மேலே மட்டும் ஓர் ஓட்டை. அதற்கு மூங்கில் தட்டியில் ஒரு மூடி.

"இதை ஏன் அடைக்கல?" என்றேன்.

"அடுத்த ஐப்பசிக்கும் மூட்டணுமே டீச்சர். வருஷா வருஷம் பிரிச்சிக்கினே இருக்க முடியுமா?"